46,000 ரூபாய்க்கு ஒரு சிகார் அலமாரி: கடலோர ஊர்க்காரர்கள் ஜாக்கிரதை

சிகார் வைக்க மின்சார ஹியூமிடார் (ஈரப்பதத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் அலமாரி) வாங்கும் யோசனையில் இருக்கும் சென்னை, புதுச்சேரி, தூத்துக்குடி நண்பர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 46,000 ரூபாய் போய்விட்டது. உள்ளே இருந்த சிகார்களின் விலையை இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் வயிறு எரிகிறது. நம் ஊரில் எப்படிப் பத்திரப்படுத்துவது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்கு மட்டும்: சிகார் காய்ந்தால் மேல் இலை வெடிக்கும். ஈரம் ஏறினால் புகை இழுபடாது, பாதியில் அணையும், கசக்கும். ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம், வெப்பம் 18 முதல் 21 டிகிரி என்று இருந்தால் நிம்மதி. குளிர் நாட்டுக்காரர்களுக்கு ஈரத்தை ஏற்றுவதுதான் கவலை. நமக்கு இறக்குவது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்றின் ஈரப்பதம் சர்வசாதாரணமாக 80-க்கு மேல் நிற்கும். வெப்பமும் 25 டிகிரியைத் தாண்டி அப்படியே நின்றால், இலைக்குள் முட்டையாகக் கிடக்கும் புகையிலை வண்டு பொரிந்து, துளை போட்டுக்கொண்டு வெளியே வரும். (உறையூர்ச் சுருட்டு பிடித்த என் தாத்தாவுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அவர் வாங்கிய கட்டு ஒரு வாரம் தாண்டியதில்லை.)

சொகுசுப் பொருட்கள் விற்கும் ஓர் ஆன்லைன் தளம் அது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் வேண்டாம். அங்கே 12,000 ரூபாய்க்கு ஒரு மரப்பெட்டியைப் பார்த்து வைத்துவிட்டு, சந்தேகம் கேட்கத்தான் போன் செய்தேன். எடுத்தவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "வீடு கடல்ல இருந்து எவ்வளவு தூரம் சார்? எந்த மாடி? ஏ.சி. ராத்திரி மட்டும்தானா?" என்று வரிசையாகக் கேட்டார். திருவான்மியூர், இரண்டாவது மாடி, ஆமாம் ராத்திரி மட்டும்தான் என்றேன். "அப்படின்னா அந்த மரப்பெட்டி வேணாம் சார், உங்க காசு வீணாப் போயிடும்" என்றார். கையில் வந்த வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? எனக்கு அந்த இடத்தில்தான் முழு நம்பிக்கை வந்தது. அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. கண்ணாடிக் கதவு, உள்ளே ஸ்பானிஷ் சீடர் என்ற வாசனை மரத் தட்டுகள், நீல எழுத்தில் 18 டிகிரி, 65 சதவீதம். "கடலோர ஊருக்குன்னே செஞ்சது சார், கண்ணை மூடிட்டு வைங்க." அன்று மாலையே 46,000 ரூபாய் அனுப்பினேன்.

அலமாரி வந்தது. தட்டுகள் மணத்தன. திரையில் எப்போது பார்த்தாலும் 18, 65. மழை கொட்டிய நாளிலும் 18, 65. மின்சாரம் போய் வந்த பிறகும் அதே 18, 65.

தீபாவளி முடிந்து ஒன்றை எடுத்தால், வாய்ப் பக்கம் பச்சை நிறத்தில் ரோமம் மாதிரி பூஞ்சணம். கீழ்த் தட்டிலிருந்த நிகராகுவா சிகார்களில் ஊசி குத்தியதுபோலத் துளைகள், கீழே பொடி. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கதவை விரியத் திறந்து, மின்விசிறியைப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் கழித்துத் திரையைப் பார்க்கிறேன், 18 டிகிரி, 65 சதவீதம்! அறையின் வெப்பமோ 31. நாம் அழுத்தி வைத்த எண்ணைத்தான் அது காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. உள்ளே சென்சார் இருக்கிறதா என்பதே சந்தேகம். தனி டிஜிட்டல் மீட்டரை உள்ளே வைத்துக் கதவை மூடினேன். 28 டிகிரி, 81 சதவீதம்.

பிரித்துப் பார்த்த நண்பர் சொன்னது: இதில் கம்ப்ரஸர் கிடையாது, தெர்மோஎலக்ட்ரிக் சில்லு (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு) ஒன்றும் ஒரு குட்டி விசிறியும்தான். அந்த வகை, அறை வெப்பத்திலிருந்து கொஞ்சம்தான் கீழே இறக்கும். ஏ.சி. அறையில் ஏதோ ஓடும், நம் பகல் வெயிலில் திணறும். சில்லின் குளிர்ந்த தகட்டில் ஈரக்காற்று பட்டால் தண்ணீர் கோத்துச் சொட்டும். அது வெளியே போக இதில் வழியே வைக்கவில்லை, அடித் தட்டில் தேங்கி மறுபடி ஆவியாகிக் காற்றிலேயே சேர்கிறது. ஈரத்தைக் குறைக்க வாங்கிய பெட்டி ஈரத்தை உட்கார வைத்துச் சோறு போட்டிருக்கிறது.

போன் செய்தேன். அதே குரல். "அது பூஞ்சணம் இல்ல சார், ப்ளூம். இலையோட எண்ணெய் வெளிய வர்றது, நல்ல சிகாருக்கு அடையாளம். துடைச்சிட்டுப் பிடிங்க." பச்சையாக, ரோமத்தோடு எண்ணெய் வருமா? போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பிறகு ஒரு பையனை அனுப்பினார்கள். அவன் திரையைப் பார்த்தான். "65 காட்டுதே சார், மெஷின் ஓகே." என் மீட்டரைக் காட்டினால், வெளி மீட்டரை கம்பெனி ஏற்காதாம். அடுத்து ஒரு மின்னஞ்சல்: திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது, மேலும் "கடலோரப் பகுதியின் உப்புக் காற்றால் வரும் கோளாறுகளுக்கு வாரண்டி இல்லை." கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டு, தெரிந்தே விற்றவர்கள் எழுதுகிற வரி இது! என் புகாருக்கு "தீர்க்கப்பட்டது" என்று முத்திரை போட்டு மூடிவிட்டார்கள். இப்போது அந்த எண்ணுக்கு அடித்தால் ஒரு மணி அடித்துக் கட்டாகிறது. 46,000 ரூபாய் சார், 46,000!

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இந்தக் கோபத்தில் வரவில்லை. அவசரத்துக்குச் சில மட்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் ஈரத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும், 65 எண் போட்ட போவேடா பாக்கெட்டும் போதும், பஞ்சை நனைத்து வைக்கவே வைக்காதீர்கள். மீட்டரை முதலில் சோதியுங்கள்: பாட்டில் மூடியில் கொஞ்சம் உப்பைக் கெட்டியாக நனைத்து, மீட்டரோடு ஜிப் பையில் ஒரு ராத்திரி மூடி வைத்தால் 75 காட்ட வேண்டும். துளை விழுந்ததை உடனே தனியாக ஒதுக்குங்கள். அலமாரி வந்த அன்றே கதவைத் திறந்து வைத்து, திரையில் எண் மாறுகிறதா என்று பாருங்கள். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மின்வணிக விதிகள் 2020-இன்படி, விற்ற தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். என் புகாரை நேற்றுப் பதிந்தேன்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள், அறை வெப்பம் 35 டிகிரி இருக்கும்போது உள்ளே எவ்வளவு இருக்கும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் சொல்வதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.