சுவருக்கு ஓர் அரூப ஓவியம்: வரையச் சொல்வதா, வரைந்ததை வாங்குவதா, பிரின்ட் போதுமா?

வீட்டுச் சுவருக்கு அரூப ஓவியம் வேண்டும் என்று ஆனபின் மூன்று வழிகள் இருக்கின்றன. ஓவியரிடம் சொல்லி நமக்கென்று வரையவைக்கலாம், அவர் ஏற்கெனவே வரைந்து வைத்திருப்பதில் ஒன்றை வாங்கலாம், இல்லையென்றால் கேன்வாஸில் அச்சிட்ட பிரின்ட் மாட்டலாம். நாங்கள் வரையச் சொன்னோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்தே படியுங்கள்.

விலையிலும் வேகத்திலும் பிரின்ட்தான் முன்னால். ஆனால் அரூப ஓவியத்தில் மரமோ முகமோ கிடையாது, கண்ணுக்கு இருப்பது நிறமும் பரப்பும் மட்டுமே. கத்தியால் தடிமனாக அப்பிய வண்ணத்தின் மேடு காலை வெளிச்சத்தில் ஒரு மாதிரி நிழல் போடும், இரவு விளக்கில் வேறு மாதிரி. பிரின்டில் அந்த நிழலும் சேர்ந்தே அச்சாகி அப்படியே நின்றுவிடுகிறது. மேடுபள்ளம் இல்லாத, நீர்த்த நிறங்கள் பரவிய படம் என்றால் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. அதற்கு நல்ல பிரின்டே போதும்.

வரைந்து முடித்ததை வாங்கினால், பார்த்தது அப்படியே கைக்கு வரும். யாருடைய சுவரையும் மனதில் வைக்காமல் வரைந்தது என்பதால் ஓவியரின் நல்ல வேலை பலசமயம் அங்கேதான் இருக்கும். அளவு பொருந்துவதுதான் சிரமம். சோபாவுக்கு மேலே மாட்டுவதென்றால் அதன் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது படம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் ஒட்டிய தபால்தலை போலத் தெரியும்.

சரி, எங்களை வரையச் சொல்லும் பக்கம் தள்ளியது அழகோ அளவோ அல்ல. படம் எத்தனை காலம் அதே நிறத்தோடு நிற்கும் என்ற கேள்வி. அமெரிக்க அரூப ஓவியர் மார்க் ரோத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக வரைந்து கொடுத்த பெரிய ஓவியங்களை 1964-இல் ஒரு சாப்பாட்டு அறையில் மாட்டினார்கள். அறையில் நல்ல வெயில். அவர் பயன்படுத்திய ‘லித்தால் ரெட்’ என்ற சிவப்பு வெளிச்சம் தாங்காதது. ஆழ்ந்த சிவப்பு வெளிறிப்போய், 1979-இல் ஓவியங்களைக் கழற்றிக் கிடங்கில் வைக்க வேண்டியதாயிற்று. 2014-இல் திரும்பக் காட்சிக்கு வைத்தபோது புரொஜெக்டர் ஒளியைப் பாய்ச்சித்தான் பழைய நிறத்தைக் காட்டினார்கள். நிறமே எல்லாமுமான படத்தில் நிறம் போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

வரையச் சொல்லும்போது இதை முன்கூட்டியே பேசிக்கொள்ள முடியும். தரமான வண்ணக் குழாய்களில் நிறமியின் குறியீடு இருக்கும். பி.ஆர்.83 என்றால் அலிசரின் சிவப்பு, வெளிச்சத்தில் மங்கக்கூடியது. அதே சாயலுக்கு பி.வி.19 என்ற குவினாக்ரிடோன் நிறமி எவ்வளவோ மேல். ஒளி தாங்கும் தரம் ஒன்று (அதுதான் மிக உயர்ந்தது) அல்லது இரண்டு உள்ள வண்ணங்களை மட்டும் பயன்படுத்தும்படி கேட்டுக்கொண்டோம். ஓவியர் முகம் சுளிக்கவில்லை. எந்த எந்த வண்ணம் என்று கேன்வாஸின் பின்பக்கத்தில் எழுதியும் கொடுத்தார். நாளைக்கு ஓர் இடத்தில் கீறல் விழுந்தால் சரிசெய்பவருக்கு அந்தக் குறிப்பு பெரிய உதவி. கேன்வாஸ் பிரின்டில் கீறல் விழுந்தால் புதிதாக அச்சிடுவதுதான் பெரும்பாலும் வழி.

அடுத்தது அக்ரிலிக்கா, எண்ணெய் வண்ணமா என்ற பேச்சு. எண்ணெய் வண்ணத்தின் ஆழம் எனக்குப் பிடிக்கும். ஆனால் தடித்த பூச்சு உள்ளே காய மாதக்கணக்காகும், வழக்கமான வார்னிஷ் பூச ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை காத்திருக்க வேண்டும். அக்ரிலிக் சீக்கிரம் காயும். ஆனால் வெப்பத்தில் மேற்பரப்பு இளகுவதால் தூசி ஒட்டும். சீக்கிரம் காய்வதற்காக அக்ரிலிக்கையே தேர்ந்தெடுத்து, தூசிக்காகப் பின்னால் கழற்றி எடுக்கக்கூடிய வார்னிஷ் பூசச் சொன்னோம். அழுக்கு வார்னிஷோடு போய்விடும், படம் தப்பிக்கும். கேன்வாஸை இழுத்துக் கட்டும் சட்டமும் மூலையில் ஆப்பு அடிக்கும் வகையாக இருக்கட்டும். கேன்வாஸ் தொய்ந்தால் ஆப்பை லேசாகத் தட்டி இறுக்கலாம். மூலைகளை ஆணியடித்து மூடிய சட்டத்தில் அது நடக்காது.

வரையச் சொல்வதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். அரூப ஓவியத்துக்கு முன்வரைவு போட்டுக் காட்டினாலும் அதிகம் பிடிபடாது. அந்த ஓவியரின் பழைய படங்களில் இரண்டு மூன்றைக் காட்டி ‘இந்தத் திசையில்’ என்பதுதான் தெளிவான பேச்சு. எந்தக் கட்டத்தில் மாற்றம் கேட்கலாம் என்பதையும் முன்பணம் கொடுக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். ஈரமான அக்ரிலிக்கைப் படம்பிடித்து அனுப்பினால் அதை வைத்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள், காய்ந்ததும் ஒரு படி கருக்கும்.

மறுவிற்பனை பற்றி அனுபவத்திலிருந்து பேச என்னிடம் ஒன்றும் இல்லை, விற்கும் எண்ணத்தில் வாங்கவும் இல்லை. எங்கள் படத்துக்கும் இன்னும் வயதாகவில்லை, நான் சொல்வது பொருட்களின் குணத்தை வைத்துத்தான்.

ஆனால் உங்களிடம் இருக்கும் ஒரே சுவரில் நேர் வெயில் விழுகிறது என்றால் எந்த அசல் ஓவியத்தையும் அங்கே மாட்ட வேண்டாம் என்பேன். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்ட பிரின்ட் மாட்டுங்கள். மங்கினால் வேறொன்று அச்சிட்டுக்கொள்ளலாம்.