சொட்டு நின்றது, பெட்ரோல் நிற்கவில்லை

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம், சுருக்கமாகக் கார்ப்) வைத்த பழைய பைக் ஓட்டுகிற நம்மவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போன மாதம் சிங்கப்பூரில் ஒரு பட்டறையில், மாற்றாத பொருளை மாற்றியதாகச் சொல்லி என்னிடம் 500 வெள்ளி வாங்கிவிட்டார்கள். காசுகூடப் பரவாயில்லை. என் வண்டியின் பெட்ரோல் கசிவை அவர்கள் "நிறுத்திய" விதம் இருக்கிறதே, அதில் எஞ்சினே போயிருக்கும். பட்டறையின் பெயரைக் கேட்காதீர்கள், புகார் இன்னும் முடியவில்லை.

என்னுடையது ஹோண்டா பேந்தம் 200. 2009இல் பதிவானது, 2019இல் சிஓஇயை, அதாவது வண்டி வைத்துக்கொள்ள ஏலத்தில் வாங்கும் உரிமைச் சான்றிதழை, பத்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். "இந்தக் கிழட்டு வண்டியை ஏன் கட்டி அழுகிறாய்?" என்று தங்கச்சி வீட்டுக்காரர் கேட்பார். 2022 கடைசியில் மோட்டார் சைக்கிள் சிஓஇ 12,000 வெள்ளியைத் தாண்டியதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

காலை ஐந்தரைக்கு யீஷூனிலிருந்து துவாஸ் வேலைக்குக் கிளம்புகிறவன் நான். ஒரு நாள் வண்டிக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், நல்ல பெட்ரோல் வாடை. அன்றிரவு டேங்கின் டேப்பை (பெட்ரோலைத் திறந்து மூடும் திருகை) மூடி, அடியில் ஒரு அட்டையைப் போட்டுவிட்டுப் போனேன். காலையில் அட்டை காய்ந்து கிடந்தது. டேப்பைத் திறந்துவைத்துக் காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால், கார்புரேட்டரின் அடியிலிருந்து கீழே தொங்கும் மெல்லிய ஓவர்ஃப்ளோ குழாயின் முனையிலிருந்து சொட்டுகிறது.

இந்த ஒரு சோதனையிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். டேப் மூடியிருக்கும்போதும் சொட்டினால் டேங்கின் அடிப்பகுதி, அதன் மடிப்பு, அல்லது டேப்பின் உள்ளே இருக்கும் ரப்பர் என்று தேட வேண்டும். திறந்தால் மட்டும் சொட்டுகிறது, அதுவும் ஓவர்ஃப்ளோ வழியாக என்றால் பெரும்பாலும் ஃப்ளோட் நீடில்தான். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிறைய நிறைய ஃப்ளோட் என்கிற மிதவை மேலே மிதந்து, அந்தச் சின்ன ஊசியைத் துளைக்குள் தள்ளி வழியை அடைக்கும். ஊசி நுனியில் இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டாலோ, துளையில் தூசி உட்கார்ந்தாலோ அடைப்பு சரியாக விழாது. பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும், கூடுதலாக வருவது ஓவர்ஃப்ளோ வழியாக வெளியே போகும். அதற்காகத்தான் அந்தக் குழாயையே வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் ஏமாந்தாய் என்பீர்கள். ஆண்டுப் பரிசோதனைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது, அப்போது எனக்கு இரவு வேலை. கூட வேலை பார்ப்பவர் ஒரு பட்டறையைக் காட்டினார், "நம்ம ஆளு, நம்பிப் போ" என்றார். பட்டறைக்காரர் நல்ல தமிழில்தான் பேசினார்.

"அண்ணே, டேப்பை மூடினா சொட்டு நிக்குது. நீடில் போயிருக்கும்னு நினைக்கிறேன்" என்றேன்.

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "தம்பி, இது பழைய கார்ப். நீடில் மட்டும் போட்டா ரெண்டு மாசம் தாங்காது. முழு செட்டா மாத்திடலாம், 280. டேங்கிலயும் ஓட்டை இருக்கும்போல, உள்ளே கோட்டிங் அடிக்கணும்."

டேப்பை மூடினால் ஒரு சொட்டும் விழாத டேங்கில் எங்கிருந்து வந்தது ஓட்டை? கோட்டிங் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அந்த இடத்திலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும்.

மறுநாள் போனபோது 280 என்பது 500 ஆகியிருந்தது. கார்ப் விலை ஏறிவிட்டதாம், பெட்ரோல் குழாய் மாற்றினாராம், ட்யூனிங்காம். பழைய கார்ப்பைக் கேட்டேன், குப்பையில் போட்டாயிற்று என்றார். கையால் எழுதிய ரசீதில் "கார்ப், லேபர்" என்று இரண்டே வார்த்தை. வேலைக்கு நேரமாகிறது என்று பேநவ்வில் (கைபேசி வழியாகப் பணம் அனுப்பும் வசதி) அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

ஒரு வாரம் அட்டை காய்ந்தே இருந்தது. சந்தோஷப்பட்டேன். அப்புறம் காலையில் ஸ்டார்ட் ஆவதற்கு முக்க ஆரம்பித்தது, சைலன்சரில் கறுப்புப் புகை. ஒரு நாள் ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்தேன். பெட்ரோல் நிலையத்தில் நிற்பதுபோல் இருந்தது. அளவு வேறு, நான் ஊற்றியதைவிட மேலே ஏறியிருந்தது. ஆயில் தானாகக் கூடாதே!

அதற்கு மேல் ஸ்டார்ட் செய்யவில்லை. டேப்பை மூடி, லாரி வைத்து வேறொரு பட்டறைக்கு அனுப்பினேன். அங்கே ஒரு சீன அங்கிள், எழுபதை நெருங்குகிறவர். பேச்சு குறைவு, கை மட்டும் பேசும். முதலில் அந்த ஓவர்ஃப்ளோ குழாயைப் பிடித்து இழுத்தார். முனையில் கறுப்பு ஒட்டுநாடா சுற்றியிருந்தது. பிரித்தால் உள்ளே ஒரு குட்டி ஸ்க்ரூ! குழாயை அடைத்திருக்கிறார்கள். வெளியே வர வழியில்லாத பெட்ரோல், எஞ்சினுக்குள் கலவை போகும் இன்லெட் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கி, அங்கிருந்து ஆயிலில் கலந்திருக்கிறது. அங்கிள் ஆயிலை வடித்தபோது தண்ணீர்போல் ஓடியது. சிலிண்டர் நிறையப் பெட்ரோல் நிற்கும்போது ஸ்டார்ட்டரை அமுக்கினால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். தப்பித்தது என் அதிர்ஷ்டம்.

அடுத்து நடந்ததுதான் என்னை உட்கார வைத்தது. கார்ப் கிண்ணத்தைக் கழற்ற அங்கிள் ஸ்க்ரூடிரைவரை எடுத்து மூன்று ஸ்க்ரூவைக் கழற்றினார். நான்காவதற்கு அது பிடிக்கவில்லை, அறுகோணக் குழி உள்ள ஸ்க்ரூவுக்கான ஆலன் கீ தேடினார். அந்த நான்காவது என்னுடையது. மூன்று வருடத்துக்கு முன் அதன் தலையை மழுக்கிவிட்டு, ஹார்டுவேர் கடையில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஆலன் ஸ்க்ரூ வாங்கி நானே போட்டேன். அதைப் படமெடுத்துச் சிநேகிதனுக்கு அனுப்பி, "டாக்டர் வேலை" என்று பீற்றிக்கொண்டதும் நான்தான். குப்பையில் போட்ட கார்ப் வெளிப்புறம் பளபளவென்று தேய்க்கப்பட்டு என் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தது.

அங்கிள் நீடிலை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். நுனி ரப்பரைச் சுற்றி மோதிரம்போல ஒரு பள்ளம், நகத்தால் தடவினால் தட்டியது. அதே நீடிலை மறுபடி வைத்து, கார்ப்பைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் வழியில் குழாயைச் சொருகி வாயால் ஊதினார். காற்று புஸ்ஸென்று போனது. புது நீடில் போட்டு ஊதினார், போகவில்லை. கிண்ணத்தின் ஓ-ரிங்கும் (ரப்பர் வளையம்) தட்டையாகி இறுகிப்போயிருந்தது, அதையும் மாற்றினார். ஆயில், ஃபில்டர் எல்லாம் சேர்த்து 85 வெள்ளி. பழைய நீடிலை நான் கேட்காமலே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் கொடுத்தார்.

பட்டறைக்குக் கொடுக்குமுன் நீங்களும் ஒன்று செய்யுங்கள். கார்ப், டேப், டேங்கின் அடிப்பகுதி மூன்றையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். ஸ்க்ரூ தலையில் ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வைத்தாலும் போதும், பிறகு அடையாளம் தெரியும். பழைய பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள், அதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள். "குப்பையில் போட்டாயிற்று" என்ற பதிலுக்கு அப்போது இடமிருக்காது. வேலை முடிந்து வந்ததும் ஓவர்ஃப்ளோ குழாயின் முனை திறந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் முதலில் டேப், பிறகுதான் மற்றதெல்லாம். சூடான சைலன்சர்மேல் சொட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கார் நிறுத்துமிடத்தில், என் வண்டிக்குப் பக்கத்தில்தான் ஒரு பெரியவர் தினமும் சிகரெட் பிடிக்கிறார்.

முதல் பட்டறைக்காரருக்கு அந்த ஆலன் ஸ்க்ரூ படத்தை அனுப்பினேன். முதலில் "தம்பி, எல்லா கார்ப்பும் அப்படித்தான் வரும்" என்றார். பழைய படத்தையும் அனுப்பிய பிறகு போனை எடுக்கவில்லை. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டு, சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாகவே மனுப் போட்டேன். 5,000 வெள்ளிக்குள் கேட்கும் வாடிக்கையாளருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இரண்டு தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது, அது நமக்கு நல்லதுதான்.

மனு போன நான்காம் நாள் அவரே அழைத்தார். "பாதி தரேன் தம்பி, விட்டுடு." 500 வெள்ளியும் லாரிக் காசும் வேண்டும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். இரண்டு படங்களும் ரசீதும் நீடில் பையும் இப்போது ஒரே உறையில் இருக்கின்றன. அடுத்த வாரம் விசாரணைத் தேதி.