சோடா ரொட்டி: தட்டிலா, சட்டியிலா, கல்லிலா?

சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு அயர்லாந்துச் சோடா ரொட்டி ஒரு தண்டனை. மாவைக் கண்டதும் உள்ளங்கை தானாக இறங்கி அழுத்தும். இந்த ரொட்டியில் அழுத்தினால் போச்சு. அயர்லாந்தின் கார்க் நகருக்கு வந்த முதல் வருடம் நான் சுட்டதை எல்லாம் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது வயதிருக்கும். ஒரு நாள் சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அதைப் போட்டு ஏம்மா இந்த அடி அடிக்கிறே? அது உன்னை என்ன பண்ணிச்சு?" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார்.

சரக்கு நாலே நாலு: மாவு, உப்பு, மோர், நாம் ஆப்பச் சோடா என்கிற சமையல் சோடா. இங்கே டப்பாவில் 'பிரெட் சோடா' என்றே அச்சிட்டிருப்பார்கள். மோரின் புளிப்பு பட்ட நொடியே சோடாவிலிருந்து கரியமில வாயு கிளம்பிவிடும். ஈஸ்ட் மாதிரி மூடி வைத்துக் காத்திருக்கிற வேலை கிடையாது. அதனால் அடுப்பு முதலில் காய வேண்டும், மோர் கடைசியில் விழ வேண்டும்.

நாலு சரக்குதான் என்றாலும் எந்த மாவு, எதில் சுடுவது என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கு. போன சனிக்கிழமை மழை விடவே இல்லை. வெள்ளை, பழுப்பு, இரும்புச் சட்டி, தோசைக்கல் என்று நாலு விதமாகச் சுட்டு மேசையில் வரிசையாக வைத்தேன். மாவையும் பாத்திரத்தையும் ஒப்பிடுவதற்கு முன்னால் மோரைப் பேசிவிட வேண்டும். அது சரியில்லாவிட்டால் மற்றதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

மோர் விவகாரம்

கார்க்கின் ஷாண்டன் பகுதியில் 1770 முதல் 1924 வரை வெண்ணெய்ச் சந்தை நடந்தது. ஒரு காலத்தில் உலகிலேயே பெரியது என்று பெயர் வாங்கியது. சுற்றுவட்டாரக் குடியானவர்கள் வெண்ணெயைச் சின்ன மரப்பீப்பாய்களில் அடைத்து இங்கே கொண்டுவந்து விற்றார்கள். அந்தக் காசு நிலக்காரருக்குக் குத்தகையாகப் போனது. கடைந்து எடுத்த மிச்சம் மட்டும் வீட்டில் தங்கியது. 1845-இல் தொடங்கிய பஞ்சத்துக்கு முன்னால் ஏழை வீட்டுச் சாப்பாடு உருளைக்கிழங்கும் இந்த மோரும்தான். 1830-களில் சோடா கைக்கெட்டும் சரக்காக வந்தபோது, அதற்குத் தேவையான புளிப்பு மாடு வைத்திருந்த வீடுகளில் பானையில் தயாராக இருந்தது.

ஆக, பழைய சோடா ரொட்டிக்கு ஊற்றியது நம் பாட்டிமார் மத்தால் கடைந்து வெண்ணெய் எடுத்த மோருக்கு நெருங்கிய சொந்தம். தயிரில் தாராளமாகத் தண்ணீர் விட்டு அடிக்கும் நீர்மோர் அந்தக் குடும்பமே இல்லை. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கடையில் மோர் தீர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீர்மோரை ஊற்றி, சோடாவை மட்டும் குறைக்காமல் போட்டேன். ரொட்டி மஞ்சள் பூத்து வந்தது. ஒரு வாய் கடித்தால் சோப்பு. புளிப்பு போதாததால் மிஞ்சிய சோடா, சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறிவிடுகிறது. அது வேறொன்றுமில்லை, துணி துவைக்கிற சலவைச் சோடாதான்.

இப்போது பெட்டியில் வரும் மோர், வெண்ணெய் எடுத்த மிச்சம் அல்ல. கொழுப்பு குறைத்த பாலில் உறை சேர்த்துப் புளிக்க வைத்தது. கெட்டியாக, நிதானமான புளிப்போடு இருக்கும். 450 கிராம் மாவுக்கு 350 முதல் 400 மில்லி, ஒரு தேக்கரண்டி சோடா தலைதட்டி, ஒரு தேக்கரண்டி உப்பு. என் சமையலறையில் இதற்குத்தான் முதல் மதிப்பெண்.

இரண்டாவது இடம் தயிருக்கு. முக்கால் பங்கு புளித்த தயிர், கால் பங்கு பால் சேர்த்து அடித்தால் பெட்டி மோரின் பதம் வந்துவிடும். சில நாள் இதுவே ருசியில் முந்துகிறது. பாலில் எலுமிச்சை பிழிவதோ வினிகர் விடுவதோ மூன்றாவது. 240 மில்லி பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி. ரொட்டி நன்றாகவே எழும்பும். ஆனால் புளித்த பாலுக்கு உண்டான அந்த மணம் இருக்காது. பால் தண்ணியாக இருப்பதால் ஊற்றும்போது கையை அடக்க வேண்டும்.

வெள்ளையும் பழுப்பும்

அயர்லாந்தின் ஈரக்காற்றில் விளைவது மென்மையான கோதுமை. அதில் புரதம் குறைவு, இழுவை குறைவு. ஈஸ்ட் ரொட்டிக்கு அது குறை, சோடாவுக்கு அதுவே தோது. அதனால் வெள்ளை ரொட்டிக்குச் சாதாரண மாவே வாங்க வேண்டும். 'ஸ்ட்ராங்' என்று எழுதிய பை ஈஸ்ட் ரொட்டிக்கானது. ஏற்கெனவே உப்பவைக்கும் பொடி கலந்த 'செல்ஃப் ரெய்சிங்' மாவும் வேண்டாம், அதன் மேல் நீங்களும் சோடா போட்டால் முன்னே சொன்ன சலவைக் கதைதான்.

வெள்ளையில் பிழைக்கு இடமே இல்லை. மாவின் நடுவே குழி செய்து மோரை மொத்தமாக ஊற்றி, விரல்களை நண்டுக்கால் மாதிரி விறைப்பாக விரித்துக்கொண்டு வட்டமாக ஒரு சுற்று, இரண்டு சுற்று. மாவு ஒன்று சேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். பலகையில் தட்டி, மெல்ல உருட்டி, சுமார் நாலு சென்டிமீட்டர் உயரத்துக்கு வட்டமாக்கினால் சரி. மேலே சொரசொரப்பாக இருக்கட்டும். வழவழப்பாக வந்தால் நீங்கள் பிசைந்துவிட்டீர்கள் என்று பொருள். சனிக்கிழமை வெள்ளை ரொட்டியின் ஒரு பக்கம் அப்படித்தான் வழவழவென்று வந்தது, வெட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம் மட்டும் ரப்பர்.

பழுப்பு ரொட்டியின் மாவு வேறு ரகம். இங்கே கிடைக்கும் முழுக்கோதுமை மாவில் தவிடு பெரிய செதில்களாக, உமி போலக் கண்ணுக்குத் தெரியும். முதலில் நான் இந்தியக் கடையில் வாங்கிய ஆட்டா போட்டுப் பார்த்தேன். ஆட்டா சப்பாத்திக்கென்றே மையாக அரைத்தது, இழுவையும் அதிகம், மோரைக் குடித்துக்கொண்டே இருந்தது. வெந்து வந்தது ரொட்டி இல்லை, தடித்த சப்பாத்தி. ஆட்டாதான் கையில் இருக்கிறது என்றால் பாதிக்குப் பாதி மைதா கலந்து, இரண்டு பிடி கோதுமைத் தவிடும் சேர்த்தால் ஓரளவு கிட்டத்தில் வரும்.

பழுப்பிலும் இரண்டு கட்சி. முழுக்கோதுமையும் வெள்ளையும் சரிபாதி போட்டு உருட்டிச் சுடுகிறவர்கள் ஒரு பக்கம். மோரைக் கூட்டி, ஓட்ஸும் ஒரு கரண்டி கருவெல்லப் பாகும் சேர்த்து, இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து நீளத் தகரத்தில் ஊற்றுகிறவர்கள் இன்னொரு பக்கம். நான் இரண்டாவது கட்சி. இதில் கையே படாது. மரக்கரண்டியால் கலக்கி ஊற்றினால் முடிந்தது. பிசையும் கை உள்ளவர்கள் முதல் முயற்சியாக இதைத்தான் செய்ய வேண்டும்.

சாப்பாட்டில் எது மேல் என்று கேட்டால், அது நேரத்தைப் பொறுத்தது. அடுப்பிலிருந்து இறக்கிய ஒரு மணி நேரத்தில் வெள்ளையை மிஞ்ச ஒன்றுமில்லை. உப்பு வெண்ணெய் தடவினால் உருகி ஓரத்துக்கு ஓடும். சாயங்காலம் அது வறண்டுவிடும், மறுநாள் வாட்டித்தான் தின்ன வேண்டும். பழுப்போ மூன்றாம் நாளும் தாங்குகிறது. மீன் சூப்போடும் புகையூட்டிய சால்மனோடும் உணவகங்களில் பழுப்பை வைப்பது சும்மா இல்லை. வெள்ளை இந்த இடத்தில் சாதுவாகத் தோற்றுப்போகும்.

தட்டு, சட்டி, கல்

பழைய அயர்லாந்துக் குடிசைகளில் அடுப்பறைச் சூளை ஏது? சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிக்கட்டி எரியும் திறந்த அடுப்பு, அதன் மேல் தொங்கும் பாத்திரம், அவ்வளவுதான். தெற்கில் அந்தப் பாத்திரத்துக்கு 'பாஸ்டிபிள்' என்று பெயர். தட்டையான அடி, மூன்று குட்டைக் கால், மூடியோடு வார்ப்பிரும்பு. ரொட்டியை உள்ளே வைத்து, மூடிக்கு மேலேயும் தணல் பரப்புவார்கள். மேலும் கீழும் சூடு. வடக்கில் தட்டையான இரும்புக்கல். மாவை வட்டமாகத் தட்டி நாலாக வெட்டிச் சுட்டால் அதற்கு 'ஃபார்ல்' என்று பெயர், நாலில் ஒரு பங்கு என்று பொருள் தரும் பழைய ஸ்காட்டுச் சொல்லிலிருந்து வந்தது.

மின்சார அடுப்பில், அதாவது 'ஓவனில்', தகரத்தட்டில் வைப்பது இன்றைய வழி. 230 டிகிரியில் கால் மணி, பிறகு 200 டிகிரியில் அரை மணி. அடியில் விரல் முட்டியால் தட்டினால் காலிப் பானைச் சத்தம் வர வேண்டும். குறை சொல்ல ஒன்றுமில்லை, பெருமைப்படவும் ஒன்றுமில்லை. மேல் ஓடு தடிமனாக வரும். இறக்கியதும் துணியில் சுற்றி வைத்தால் இளகும்.

மூடி போட்ட வார்ப்பிரும்புச் சட்டியை அடுப்புக்குள்ளேயே காயவைத்து, அதில் அதே வெள்ளை மாவை இறக்கினேன். மூடியோடு அரை மணி, மூடியை எடுத்துக் கால் மணி. முதல் அரை மணியில் ரொட்டியிலிருந்து வரும் ஆவி உள்ளேயே சுற்றுவதால் மேல்தோல் சீக்கிரம் இறுகுவதில்லை. தட்டில் சுட்டதைவிட ஒரு விரல்கடை உயரம். மேலே கீறிய சிலுவை பூ மாதிரி விரிந்திருந்தது. ஓடு மெல்லியதாக, கத்தி பட்டதும் கலகலத்தது. ஒரே மாவு, ஒரே மோர், பாத்திரம் மட்டும் வேறு, அதற்கு இவ்வளவு வித்தியாசம் என்றால் என் ஓட்டு சட்டிக்குத்தான். சூடேறிய சட்டியில் மாவை இறக்கும்போது மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டது தனிக்கணக்கு. காகிதத்தில் வைத்துத் தூக்கி இறக்குங்கள்.

அந்தச் சிலுவையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசீர்வாதம் என்பார்கள், தேவதைகளை வெளியே விடுவதற்கு என்பார்கள். தடித்த ரொட்டியின் நடுவுக்குச் சூடு போக ஆழமான கீறல் வேண்டும் என்பது அடுப்படிக் காரணம். பயந்து பயந்து மேலாகக் கீறினால் நடு வேகாது.

ஃபார்லுக்குப் போட்டியாளர்களே கிடையாது, அது தனி ஆட்டம். அடுப்பு காயக் காத்திருக்க வேண்டாம். மாவை ஒரு விரல் தடிமனுக்குத் தட்டி, நாலாக வெட்டி, எண்ணெய் தடவாத தோசைக்கல்லில் மாவு தூவி வைத்தேன். தூவிய மாவு மெல்லப் பொன்னிறமாகும் சூடு போதும். கருகினால் தீ அதிகம். பக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம். கடைசியில் ஒவ்வொரு துண்டையும் நிமிர்த்தி, வெட்டிய ஓரங்களைக் கல்லில் படவைத்து ஈரம் போக்க வேண்டும். இதை விட்டால் ஓரம் பச்சை மாவாகவே நிற்கும். உள்ளே ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி மெத்தென்று இருக்கும். வடக்கில் இதைக் குறுக்கே பிளந்து, பன்றி இறைச்சி வறுத்த கொழுப்பில் பொரித்துக் காலைச் சாப்பாட்டுத் தட்டில் வைப்பார்கள். என் வீட்டில் வெண்ணெயில் முடிந்துவிடுகிறது. வேலைநாள் சாயங்காலத்துக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். அரை மணி நேரத்தில் மாவு தட்டுக்கு வந்துவிடும்.

இனிப்புக் கட்சி

சர்க்கரை, வெண்ணெய், முட்டை, உலர்திராட்சை, சீரகம் மாதிரி இருக்கும் காரவே விதை எல்லாம் சேர்த்து அமெரிக்காவில் மார்ச் 17-ஆம் தேதி வரும் புனித பேட்ரிக் திருநாளுக்குச் சுடுவது ஒன்று உண்டு. இங்கேயும் திராட்சை போட்டதை 'புள்ளி நாய்' என்று செல்லமாகச் சொல்வார்கள், ஆனால் சர்க்கரையில் கை இவ்வளவு தாராளம் இல்லை. ருசியில் நான் குற்றம் சொல்ல மாட்டேன், தேநீரோடு நன்றாகவே இறங்கும். அதை ரொட்டி என்று சொல்வதில்தான் வழக்கு. உண்மையிலேயே வழக்குத்தான்: 2020-இல் அயர்லாந்து உச்ச நீதிமன்றம், வரிவிலக்குக்குரிய ரொட்டியில் சர்க்கரை மாவின் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிற சட்டத்தை வைத்து, ஒரு சாண்ட்விச் கடைச் சங்கிலியின் ரொட்டிக்கு விலக்கில்லை என்று தீர்ப்புச் சொன்னது. 450 கிராம் மாவில் 50 கிராம் சர்க்கரை போட்டால் 11 சதவீதம். நீதிபதிகளிடம் போகாமல் கேக் என்றே சொல்லிவிடலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு நாலையும் வைத்தேன். சட்டி ரொட்டியின் ஓட்டைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். பழுப்பில் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். தட்டில் சுட்ட வெள்ளையை வெட்டி, அந்த ரப்பர்ப் பக்கத்தை விரலால் அழுத்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பார்த்தார்.

பெட்டியில் 200 மில்லி மோர் மிச்சம் இருக்கிறது, நாளையோடு தேதி முடிகிறது. அதற்கு 225 கிராம் மாவு, அரைத் தேக்கரண்டி சோடா. கல்லை அடுப்பில் ஏற்றிவிட்டேன்.