ஏர்பிரஷ் செட்டில் போனது அரை மாதச் சம்பளம்: மாடல் ரயில் கட்டுபவர்கள் பணம் கட்டும் முன் படியுங்கள்

கோபம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். அடங்கவில்லை. அதுவரை காத்திருந்தால் இன்னும் நாலு பேர் அதே கடையில் பணத்தைக் கட்டிவிடுவார்கள் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

மாடல் ரயில்களுக்கு வண்ணம் அடிக்க ஓர் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தெளிக்கும், பேனா மாதிரியான கருவி), அதற்குக் காற்றை அழுத்தித் தரும் டேங்க் வைத்த கம்ப்ரசர், கூடவே ஒரு கைக்கருவித் தொகுப்பு என மூன்றையும் சேர்த்து வாங்கினேன். மொத்தத் தொகை என் மாதச் சம்பளத்தில் சரிபாதி. வந்தது போலி ஏர்பிரஷ், யாரோ ஓட்டித் தேய்த்த கம்ப்ரசர், அளவே சரியில்லாத கருவிகள். இன்றுவரை ஒரு பைசா திரும்பி வரவில்லை.

கடையின் பெயரை எழுதவில்லை. எழுதினால், அவர்கள் பக்கத்தில் நான் போட்ட விமர்சனத்துக்கு நடந்ததுதான் இதற்கும் நடக்கும். பெரிய விற்பனைத் தளம் ஒன்றுக்குள், பொழுதுபோக்குக் கருவிகளை மட்டுமே விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு கடை. இவ்வளவு அடையாளம் போதும். நடந்ததை முழுக்கச் சொல்லிவிட்டு, நல்ல கருவியைப் பார்த்து வாங்குவது எப்படி என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

ஏர்பிரஷ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நான் கட்டுவது ஹெச்ஓ ஸ்கேல், 1:87, அதாவது நிஜ ரயிலின் அளவில் 87-ல் ஒரு பங்கு. தூரிகையால் பூசி, வண்ணம் 0.1 மில்லிமீட்டர் தடிமனாகப் படிந்தால், நிஜ இன்ஜினில் அது கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் பொருக்கு. ரிவெட், கதவின் விளிம்பு, காற்றுத் துளைகள் எல்லாம் அதற்குள் மூழ்கிவிடும். மெல்லிய பூச்சு வேண்டும், அதற்குமேல் துருவும் பிரேக் தூசும் படிந்த மாதிரி வெதரிங் செய்ய வேண்டும் என்றால் ஏர்பிரஷ் இல்லாமல் முடியாது. அதனால்தான் பணம் சேர்த்துச் சேர்த்து இதில் போட்டேன்.

வாங்குமுன் அந்தக் கடைக்காரரிடம் போனில் நிறையப் பேசினேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "ஹெச்ஓவா சார், 'N' ஸ்கேலா?" என்பதுதான் (N என்பது ஹெச்ஓவைவிடச் சிறிய அளவு). மாடல் ரயில் தெரியாதவர் வாயிலிருந்து வருகிற கேள்வியா இது? 0.2 மில்லிமீட்டர் நாசில் (வண்ணம் வெளிவரும் நுனித் துளை) வேண்டாம், அக்ரிலிக் பெயிண்ட் அடிக்கும்போது நுனியில் காய்ந்து காய்ந்து அடைக்கும், 0.3 எடுங்கள் என்றார். சரி. ரயில் பெட்டிகளின் பெரிய பக்கங்களுக்கும் பிரைமர் என்கிற அடிப்பூச்சுக்கும் பிறகு 0.5 வாங்கிக்கொள்ளலாம் என்றார். அதுவும் சரி. டிரிகரை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம் என்று இரண்டும் தனித்தனியாகக் கைக்கு வரும் டபுள் ஆக்ஷன்தான் வெதரிங்குக்கு உதவும் என்றார். டேங்க் இல்லாத கம்ப்ரசரில் காற்று துடித்துத் துடித்து வரும், பூச்சு சீராக விழாது என்றார். ஒரு வார்த்தை தப்பில்லை. இதையெல்லாம் நானும் படித்திருந்தேன். அவர் சொன்னது எல்லாமே அதோடு பொருந்தியது.

அப்புறம்தான் என்னை முழுக்க நம்பவைத்த இடம். நான் அதைவிட விலை கூடிய வேறொரு ஏர்பிரஷைக் காட்டி, அதையே எடுத்துக்கொள்ளவா என்று கேட்டேன். "வேண்டாம் சார். இப்போ உங்களுக்கு அது தேவையே இல்ல. அந்தக் காசுக்கு நல்ல பெயிண்டும் பிரைமரும் வாங்கிக்கோங்க" என்றார். கூடுதலாக வரும் பணத்தைத் தானே தடுத்தவர் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? ஒரிஜினல்தானே என்று இரண்டு முறை கேட்டேன். "நானே இதைத்தான் யூஸ் பண்றேன் சார். ஏதாவது பிரச்சினைன்னா நேரா எனக்குப் போன் பண்ணுங்க, ராத்திரின்னாலும் பரவாயில்ல" என்றார். அந்தக் குரலில் இருந்த அக்கறை இப்போதும் காதில் இருக்கிறது. அதை நினைக்கும்போதுதான் ரத்தம் கொதிக்கிறது. விஷயம் தெரியாமல் கெட்ட பொருளை விற்றவர் இல்லை இவர். எது நல்லது என்று நன்றாகத் தெரிந்து, அதைச் சொல்லி நம்பிக்கை வாங்கி, அதற்கு நேர்மாறான பொருளைப் பெட்டியில் போட்டு அனுப்பியவர்.

பெட்டி வந்ததும் முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி அடித்துப் பார்த்தேன். வண்ணம் ஊற்றும் கப்பில் குமிழி குமிழியாக வந்தது. நாசில் சரியாக உட்காராமல் காற்று வண்ணம் வரும் வழிக்குள் திரும்பிப் போனால் அப்படி வரும். உடனே போன் செய்தேன். "புதுசுல அப்படித்தான் சார் இருக்கும், ஓட ஓட செட் ஆயிடும்" என்றார். ஏர்பிரஷில் ஓட ஓடச் சரியாவது என்று ஒன்று கிடையவே கிடையாது. அதைச் சொன்னதும், மாற்று நாசில் அனுப்புகிறேன், தளத்தில் ரிட்டர்ன் போடாதீர்கள், போட்டால் வேலை தாமதமாகும் என்றார். அந்த நாசில் இன்று வரும், நாளை வரும் என்று இழுத்தடித்து, பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. திருகு மரையே பொருந்தவில்லை, வேறு ஏதோ மாடலுடையது. கெடு முடியட்டும் என்றுதான் காக்கவைத்திருக்கிறார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

இதற்கு நடுவில், நாசிலை நன்றாக இறுக்கினால் குமிழி நிற்கும் என்று அவர் சொன்னபடி செய்து, பிளாஸ்டிக் துண்டுகளில் அடித்துப் பார்த்தேன். ஓரளவு நன்றாகத்தான் விழுந்தது. பிறகு இன்ஜினை எடுத்தேன். பித்தளைத் தகடுகளை ஒவ்வொன்றாக வளைத்து, சால்டர் வைத்து, கைப்பிடிக் கம்பிகளைத் தனித்தனியாகத் துளை போட்டுப் பொருத்திய இன்ஜின். வெளிர் சாம்பல் பிரைமரை 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று துப்பியது. இன்ஜினின் மேற்கூரை முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். பிரைமரில் பழுப்பு எங்கிருந்து வந்தது?

கம்ப்ரசரின் டேங்குக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு ஒன்று இருக்கும். அதைத் திறந்தேன். துருத் தண்ணீர் கொட்டியது. காற்றை அழுத்தும்போது அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகி டேங்கின் அடியில் தேங்குவது எல்லாக் கம்ப்ரசரிலும் நடப்பதுதான். ஆனால் புத்தம்புதிய டேங்கில் இத்தனை சீக்கிரம் அடர்ந்த துரு எப்படி வரும்? மேலிருந்த ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் வேறொரு ஸ்டிக்கரின் பழைய பசைத் தடம். ஈரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய வடிகட்டியைக் கழற்றினால், கண்ணாடி மாதிரி தெரியும் கிண்ணம் மட்டும் இருக்கிறது, உள்ளே இருக்க வேண்டிய ஃபில்டரே இல்லை. புதியது என்று சொல்லி அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, யாரோ கழித்துப்போட்ட இயந்திரத்துக்கு ஸ்டிக்கர் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

இது பணத்தோடு போகிற விஷயமும் இல்லை. இந்த வகைக் கம்ப்ரசர்கள் டேங்கில் 4 பார் வரை, அதாவது ஏறக்குறைய 58 பிஎஸ்ஐ வரை, காற்றை ஏற்றிவிட்டுத்தான் தானாக நிற்கும். உள்ளே துருப்பிடித்துத் தகடு மெலிந்துபோன டேங்கில் அத்தனை அழுத்தத்தை வைத்துக்கொண்டு, அதற்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன். வெடித்திருந்தால் யார் பதில் சொல்லியிருப்பார்கள்?

ஏர்பிரஷின் கதையும் அன்றைக்கே தெரிந்துபோனது. தின்னர் நனைத்த துணியால் துடைத்ததும் தயாரிப்பாளர் பெயரில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. பொறித்த பெயர் இல்லை, மேலே அச்சடித்த பெயர். ஊசியைக் கழற்றிக் கண்ணாடித் தகட்டில் உருட்டினேன். நுனி எழும்பி எழும்பி ஆடியது. லென்ஸில் பார்த்தால் நாசிலின் வாய் வட்டமாகவே இல்லை. ஊசியைச் சுற்றி டெஃப்லான் சீல் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். வந்தது சாதாரண ரப்பர். தின்னர் பட்டு உப்பி ஊசியைக் கவ்விக்கொண்டது.

கைக்கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். துண்டுகளை வெட்டும் நிப்பரை மூடி வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு அலகுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. சின்ன டிரில்லை மாட்டிக் கையால் சுழற்றும் 'பின் வைஸ்' கருவியின் பிடி மையத்தில் இல்லை, 0.5 டிரில் மாட்டிய உடனே முறிந்தது. ஹெச்ஓவில் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். செட்டில் வந்த டிராக் கேஜை (அந்த இடைவெளியைச் சரிபார்க்கும் அளவுகருவி) வெர்னியர் அளவியில் அளந்தால் 16.2. அதை நம்பித் தண்டவாளம் பதித்திருந்தால் சக்கரங்கள் இறுகி, வண்டி தடம் புரண்டுகொண்டே இருந்திருக்கும். அளவுகருவியே பொய் சொன்னால் அதற்கு மேல் என்ன செய்வது?

இனி அவர்கள் என்னை அலைக்கழித்த கதை. ராத்திரியானாலும் கூப்பிடுங்கள் என்றவர் பகலிலேயே எடுக்கவில்லை. எடுத்தபோது, "பெயிண்ட்டைச் சரியாக் கரைச்சிருக்க மாட்டீங்க சார்" என்றார். பால் பதத்துக்குக் கரைத்து, வடிகட்டித்தான் ஊற்றினேன் என்றேன். வீடியோ அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். வெளிச்சம் போதவில்லை, திரும்ப எடுங்கள் என்றார். எடுத்தேன். துருத் தண்ணீர் வீடியோவைப் பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் காற்றில் ஈரம் அதிகம் என்று பதில். ஸ்டிக்கர் தடத்தைக் காட்டியதும், ஸ்டிக்கரை உரித்ததால் வாரண்டி போய்விட்டது என்று பதில். பெயர் அழிந்ததைக் காட்டினேன். தின்னர் போட்டுத் துடைத்தது உங்கள் தவறு என்றார்கள். ஏர்பிரஷைத் தின்னர் போட்டுத் துடைக்காமல் வேறு எதைப் போட்டுத் துடைப்பார்கள்? அதன் பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டார்.

விற்பனைத் தளத்திடம் போனேன். முதலில் விற்பனையாளரிடம் பேசுங்கள் என்றார்கள். பேசிவிட்டேன் என்றால் ரிட்டர்ன் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். கெடுவுக்குள்ளேயே புகார் சொன்னதற்கு ஆதாரமாகச் செய்திகளை அனுப்பினால், அவை தளத்துக்கு வெளியே நடந்த பேச்சு, கணக்கில் எடுக்க முடியாது என்றார்கள். ஒவ்வொரு முறையும் புதிய ஆள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை. கடைசியில் "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று தானியங்கிச் செய்தி ஒன்று வந்து புகாரை மூடிவிட்டார்கள். எது தீர்ந்தது? என் அரை மாதச் சம்பளம் எங்கே? படங்களோடு நான் போட்ட விமர்சனத்தையும் விதிகளுக்குப் புறம்பானது என்று நீக்கிவிட்டார்கள். அந்தக் கடையில் அதே செட், அதே படங்களோடு, அதே விலையில் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

இன்ஜினை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பிரைமரை உரித்துவிட்டேன். தேய்க்கும்போது இரண்டு கைப்பிடிக் கம்பிகள் கழன்றுவிட்டன. அதை மறுபடி சால்டர் வைக்கக்கூட இப்போது மனம் வரவில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது எனக்கு அதற்கான பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். ஊசியைக் கண்ணாடியில் உருட்டுங்கள், நாசில் வாயை லென்ஸில் பாருங்கள், வெறும் தண்ணீர் அடித்துக் கப்பில் குமிழி வருகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றையும் முதல் நாளே செய்துவிடுங்கள். நாசிலை இறுக்கச் சொன்னால் இறுக்காதீர்கள், அவ்வளவு சின்ன மரை அப்படியே முறிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். எனக்கு முறியாதது அதிர்ஷ்டம். உதிரி நாசிலும் ஊசியும் தனியாகக் கிடைக்கிற மாடலா என்று கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். கம்ப்ரசர் வந்த அன்றே டேங்கின் அடித் திருகைத் திறந்து வெள்ளைத் துணியில் பிடியுங்கள், பழுப்பாக வந்தால் திரும்ப ஓட்டவே வேண்டாம். எந்தத் தொகுப்பில் வந்த டிராக் கேஜையும் வெர்னியரில் அளக்காமல் தண்டவாளத்தில் வைக்காதீர்கள்.

குறையை எவ்வளவு இனிமையாகப் பேசுகிறவரிடமும் போனில் சொல்லாதீர்கள், தளத்துக்குள்ளேயே எழுத்தில் சொல்லுங்கள். மாற்று உதிரி அனுப்புகிறேன், ரிட்டர்ன் போடாதீர்கள் என்று யாராவது சொன்னால், அந்த நிமிடமே ரிட்டர்ன் போட்டுவிடுங்கள்.