எல்எக்ஸ்எம்எல் நூலகம்: ஒரு பயனரின் மதிப்புரை

எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படிக்கும் லிப்எக்ஸ்எம்எல்2 என்னும் நூலகத்தை அடித்தளமாகக் கொண்ட எல்எக்ஸ்எம்எல் (lxml) என்னும் பைத்தான் நிரல்மொழி நூலகத்தை, தமிழ் விக்கிப்பீடியாவின் எக்ஸ்எம்எல் (தரவைக் குறிகளுக்குள் பொதிந்து வைக்கும் வடிவம்) தரவுக் கோப்பிலிருந்து கட்டுரைகளின் எண்ணிக்கையையும் நீளத்தையும் கணக்கிடப் பயன்படுத்தினேன். கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றாமல் பக்கம் பக்கமாகப் படிக்கும் ‘ஐட்டர்பார்ஸ்’ வசதியே இதன் தலையாய பலம். ஆயினும், படித்து முடித்த உறுப்பை (ஒரு தொடக்கக் குறி முதல் அதன் முடிவுக் குறி வரையான பகுதியை) ‘கிளியர்’ கட்டளை கொண்டு வெறுமையாக்குவதோடு நில்லாமல், முந்தைய வெற்று உறுப்புகளையும் நினைவகத்தில் உருவாகும் உறுப்பு மரத்திலிருந்து நீக்கினால்தான் நினைவகப் பயன்பாடு கட்டுக்குள் நிற்கும். புதியவர்கள் எளிதில் தவறவிடக்கூடிய இடம் இதுவே.

எல்லாப் பக்கங்களிலும் எல்லா உறுப்புகளும் இருப்பதில்லை. வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிடும் வழிமாற்றுப் பக்கத்தில் மட்டுமே ‘ரீடைரக்ட்’ உறுப்பு வரும் என்பதால், அது இல்லாததும் ‘என்எஸ்’ (பக்கத்தின் வகையைக் குறிக்கும் பெயர்வெளி எண்) மதிப்பு 0 ஆக உள்ளதுமான பக்கங்களையே கட்டுரைகளாக எண்ணினேன். இல்லாத உறுப்பைக் கேட்டால், உறுப்பின் உரையைத் தரும் ‘ஃபைண்ட்டெக்ஸ்ட்’ பிழையெழுப்பாமல் ‘நன்’ (None, அதாவது ‘எதுவுமில்லை’) என்று திருப்புவது இங்கே பேருதவி. கட்டுரைக்குள்ளிருக்கும் வார்ப்புருக்களோ (பல பக்கங்களில் மீண்டும் பயன்படும் ஆயத்தத் துணுக்குகள்) இந்த நூலகத்துக்கு வெறும் எழுத்துச்சரமே. அவற்றைப் பிரிக்க வேறு கருவி வேண்டும்.

மூடப்படாத குறிகளைக் கொண்ட கோப்புகளையும் ‘ரிகவர்’ தெரிவு படித்துவிடும். ஆனால் சேதமடைந்த பகுதியை அது ஓசையின்றி விட்டுவிடக்கூடும் என்பதால், பிழைப் பதிவேட்டைச் சரிபார்க்காமல் அவ்வாறு பெற்ற எந்தக் கூட்டுத்தொகையையும் வெளியிட வேண்டாம் என்று வற்புறுத்துவேன்.