அரிசி ஆலைக் கணக்குக்கு எந்த இடைமுகக் கருவி?

கல்முனைக் கடைக்கோ சம்மாந்துறை அரிசி ஆலைக்கோ பற்றுச்சீட்டு மென்பொருள் எழுதுவதென்றால், அதன் திரையையும் பொத்தான்களையும் வரையும் இடைமுகக் கருவியைத் தேர முன் பார்க்க வேண்டியது மேசையிலிருக்கும் பழைய கணினியைத்தான். விண்டோஸ் 7 என்றால் கியூட் (Qt) என்ற கருவியின் 6ஆம் பதிப்பு சரிவராது, 5.15தான் வழி. வலைப்பக்கம் போலத் திரை கட்டும் இலக்ட்ரோனும் (Electron) 22ஆம் பதிப்புக்குப் பிறகு விண்டோஸ் 7ஐக் கைவிட்டுவிட்டது.

விண்டோஸ் 10 இருந்து பைதன் நிரல்மொழியும் தெரிந்தால், கியூட்டைப் பைதனில் பயன்படுத்த உதவும் பைசைட் 6ஐத் (PySide6) தாராளமாக எடுக்கலாம். முழுப் பொதி வேண்டாம், ‘எசென்ஷியல்ஸ்’ போதும். பைதன் நிரலை நேரே இயங்கும் செயலியாக்கும் பைஇன்ஸ்டோலரில் (PyInstaller) ஒற்றைக் கோப்பாகக் கட்டினால், திறக்கும் ஒவ்வொரு தடவையும் தற்காலிகக் கோப்புறையில் எல்லாவற்றையும் விரித்துவிட்டுத்தான் திரை வரும். கோப்புறையாகவே கட்டுங்கள்.

டிகே (Tk) என்ற கருவியைப் பைதனில் பயன்படுத்த உதவும் டிகின்டர் பைதனோடு சும்மா கிடைப்பது. ஆனால் லினக்ஸில், டிகே 8.6இல், ‘நெல்’ என்று எழுதிப் பாருங்கள்: நகரத்துக்கு முன் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். ஒருங்குறியில் நகரம் முதலில், கொம்பு அடுத்தது. இடம் மாற்றி வரையும் வேலையை அங்கே டிகே செய்வதில்லை. கியூட் அதை எழுத்துகளை வடிவமைக்கும் ஹார்ப்பஸ் (HarfBuzz) நூலகத்தின் மூலம் ஒழுங்காகச் செய்கிறது.

இலக்ட்ரோனிலும் தமிழ் அழகாகவே வரும். என்ன, ஒரு சிட்டை அடிக்க முழுக் குரோமியம் உலாவியையும் சுமக்க வேண்டும். 4 ஜிபி நினைவகம் மூச்சு வாங்கும். விண்டோஸ் மட்டும் போதுமென்றால் மைக்ரோசொஃப்ட்டின் வின்ஃபோர்ம்ஸ் (WinForms) இன்னும் மோசமில்லை.

எதை எடுத்தாலும் பொத்தானுக்கு நிலையான அகலம் கொடுக்காதீர்கள், ‘வாடிக்கையாளர்’ பாதியில் வெட்டுப்படும். பழைய பெயர்ப்பட்டியல் ஒருங்குறி அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தால் முதலில் ஒருங்குறிக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் தேடலும் அகரவரிசையும் வேலை செய்யாது.