காருக்கான அவசரகால கிட்: முக்கோணம் சூப்பர், கேபிள் சொதப்பல்

வண்டி நின்றுபோனால் ரோட்டில் வைக்கும் எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் ஜாக்கெட், செத்த பேட்டரிக்கு இன்னொரு காரிலிருந்து கரன்ட் கொடுக்கும் ஜம்பர் கேபிள், டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர், டார்ச், இழுவைக் கயிறு எல்லாம் ஒரே பையில் வருகிறது. முக்கோணத்துக்காகவே வாங்கலாம். கனமான உலோகக் கால், இந்த முக்கோணங்களுக்கான ஐ.நா. விதி எண் 27-இன் முத்திரை, பக்கத்தில் லாரி சீறிப் போனாலும் கவிழவில்லை.

ஜம்பர் கேபிள்தான் ஏமாற்றம். பார்க்கத் தடியாக இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பகுதி ரப்பர் உறை, உள்ளே கம்பி ஒல்லி. சின்ன பெட்ரோல் காரைக் கிளப்பிவிடும், பெரிய டீசல் எஞ்சினின் ஸ்டார்ட்டர் இழுக்கிற கரன்ட்டுக்குச் சூடாவதுதான் மிச்சம். அதைவிட மோசம், கூட வரும் விளக்கப்படத்தில் கடைசி கறுப்புக் கிளிப்பைச் செத்த பேட்டரியின் நெகட்டிவிலேயே மாட்டச் சொல்கிறார்கள்! பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும், மாட்டும்போது பொறி பறக்கும், அதனால் அந்தக் கிளிப்பைப் பேட்டரியிலிருந்து தள்ளி, எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில்தான் மாட்ட வேண்டும். படத்தைக் கிழித்துப் போடுங்கள், கேபிளைத் தனியாக நல்லதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்ப்ரசர் 12 வோல்ட் சாக்கெட்டில் ஓடுகிறது, காதைக் கிழிக்கும் சத்தம், ஆனாலும் வேலை செய்கிறது. ஜாக்கெட் தரம் சரிதான், அதை மட்டும் எடுத்துச் சீட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள், டிக்கியில் கிடந்தால் அதை எடுக்கவே ஜாக்கெட் இல்லாமல் ரோட்டில் இறங்க வேண்டியிருக்கும். டார்ச் சுமார். அப்புறம் அந்தக் கயிறு, துணி காயப்போட உதவும்.